விஸ்வநாத்தின் வாசனை

ஜூலை 9, 2024 – செவ்வாய்

காபியை வாஷ்பேசினில் கொட்டிவிட்டேன். அவர் பார்க்கவில்லை. நல்ல டிகாக்‌ஷன், நல்ல பால். ஆனால் டம்ளரை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனதும் கருகிய ரப்பர் நாற்றம். முந்தாநாள் பால் கெட்டுவிட்டது என்று பால்காரரைப் பிடித்து விளாசினேன். நேற்று காபிப்பொடிக் கடைக்காரரை. இன்று திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

முதல் கீமோ ஏறிப் பத்தொன்பது நாள். தலைமுடி கொத்தாக வந்தபோது நான் அழவில்லை. மகள் ஸ்மிதாதான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். காபிக்கு அழுவேன் போலிருக்கிறது. ஐம்பத்தோரு வயதில், மார்பில் ஒரு பக்கம் எடுத்துத் தையல் ஆறின பிறகு, ஒரு டம்ளர் காபிக்கு! கேட்டால் ஊர் சிரிக்கும்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. இருபத்தாறு வருடமாக அந்தச் சங்குக்கு முன்னால் டெஸ்டிங் ஷாப்பில் நிற்பவள் நான். மோட்டார்கள் தேறினவா இல்லையா என்று கையெழுத்துப் போடுபவள். இப்போது படுத்துக்கொண்டே கேட்கிறேன். கம்பெனி பஸ் குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் கியர் மாற்றிக்கொண்டு போகிறது.

ஜூலை 11 – வியாழன்

இரண்டாவது கீமோ. ஊசியைக் குத்தி முதலில் உப்புத்தண்ணீர் ஏற்றுகிறார்கள். ஏற்றிய நொடியில் தொண்டைக்குள்ளிருந்து ஒரு வாசனை, புதுப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்த தண்ணீர் மாதிரி. மூக்கைப் பொத்தினாலும் வருகிறது. பிறகு சிவப்பு மருந்து, ரோஜா சர்பத் நிறத்தில். இனி ஜென்மத்துக்கும் ரோஜா சர்பத் நக்கோ, வேண்டவே வேண்டாம்.

நர்ஸ் சுப்ரியாவிடம் காபி விஷயத்தைச் சொன்னேன். சின்னப் பெண், கரீம்நகர்க்காரி, தெலுங்கையே தாலாட்டு மாதிரி பேசுவாள். வேகமாக வளரும் செல்களை இந்த மருந்து அடிக்குமாம். முடியைப் போலவே மூக்குக்குள் வாசனை பிடிக்கிற செல்களும் அடிக்கடி புதிதாக முளைப்பவை, அவையும் அடி வாங்குகின்றன என்றாள். சிலருக்கு வாசனையே தெரியாமல் போகும், சிலருக்கு நல்லதெல்லாம் நாறும். எல்லாம் முடிந்து சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் சரியாகும். அதுவரை ஆறவைத்துச் சாப்பிடுங்கள், எவர்சில்வர் ஸ்பூன் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

"ஏ வாசன படதோ தான்னி தூரம் பெட்டண்டி மேடம், அந்தே" என்றாள். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதைத் தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான். சுலபமாகத்தான் இருக்கிறது.

விஸ்வநாத் வெளியே நாற்காலியில் நான்கு மணி நேரம் பேப்பர் படித்தார். நான் வெளியே வந்தபோதும் அதே பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மனுஷன் பாலாநகரில் விமான எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவர், ஒரு லீவு எடுத்ததில்லை. இந்த வருடம் எடுத்த லீவெல்லாம் எனக்காக.

ஜூலை 14 – ஞாயிறு

கனவில் என் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை!

மத்தியானத் தூக்கம். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுகிறவர் இல்லை, பஸ் பாட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறுகிறார்கள். யாருக்கும் முகம் இல்லை, வாசனை மட்டும் இருக்கிறது. கனகாம்பரமும் சாக்பீஸும் ஏறினால் அது ஸ்கூல் டீச்சர். இஞ்சி டீயும் கிரீஸும் என்றால் எங்கள் ஃபோர்மன் துரைராஜ். வெளியே மழை பெய்யாமலே மழை வாசனை. ரோடு முடிந்து தண்ணீர் மேல் பஸ் போனது, யாரும் பயப்படவில்லை. எல்லோரையும் மூக்கால் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

எழுந்ததும் ரப்பர்.

ஜூலை 16 – செவ்வாய்

மூன்று மணிக்கு அறைக்குள் வார்னிஷ் வாசனை வந்தது. ஷாப்பில் மோட்டார் சுருள்களை வார்னிஷில் முக்கி அடுப்பில் வைக்கும்போது வருமே, அதே. ஷாப் இங்கிருந்து நான்கு கிலோமீட்டர். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தேடினேன். ஹால், சமையலறை, பால்கனி. துணிக்கொடிக்குப் பின்னாலும் பார்த்தேன். பைத்தியம்தான். ஆனால் தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்லாமல் போனது மாதிரி சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 21 – ஞாயிறு

செகந்திராபாத் போனாலுத் திருவிழா பார்க்க ஸ்மிதா சிநேகிதிகளோடு போய்விட்டு வந்தாள். உள்ளே வந்து குனிந்து என் செருப்பை ஓரமாக வைத்தாள் பாருங்கள், அவள் தலையிலிருந்து வேப்பிலையும் மஞ்சளும் அப்படியே, சுத்தமாக, வந்தன. இரண்டு நொடி. "இங்க வா, இங்க வா" என்று கத்தினேன். அவள் ஓடி வருவதற்குள் போய்விட்டது.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். ஓகேதான்.

ஜூலை 27 – சனி

எழுதக் கூடாத விஷயம். எழுதாமல் எங்கே வைப்பது?

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்து, விபூதி பூசி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை அமுக்க ஆரம்பித்தார். எப்போதும் செய்வதுதான். இன்று ஒரு நாற்றம். கேபிள் பள்ளத்தில் எலி செத்து மூன்று நாள் கிடந்தால் எப்படி நாறுமோ அப்படி. அவரிடமிருந்து. அவரிடமிருந்துதான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சோப்பு மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"அதே சந்தன சோப்புதான. என்னத்துக்குக் கேக்க?"

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஒரு மாதிரி வருது."

"அப்ப மாத்திருவோம்" என்றார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கல்யாணமான புதிதில் இவரைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன். சந்தனம், நல்லெண்ணெய், விபூதி, அதற்கு அடியில் ஈயம் பற்றவைக்கிற பிசின் வாசனை. தொழிற்சாலையிலிருந்து அவர் சட்டையோடு வீட்டுக்கு வருவது. அப்போது பேசுவதற்கு எங்களுக்கு விஷயமே கிடையாது. நான் செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக உருதும் தெலுங்கும் கலந்து பேசுகிற குடும்பம், அவர் நேராகத் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியவர். நான் "நக்கோ" என்றால் "எதை நக்க?" என்று விழிப்பார். அந்த வாசனையில்தான் நான் இந்த ஆளோடு பழகினேன். அது வெட்கமில்லாத உண்மை.

ஜூலை 30 – செவ்வாய்

யோசித்துவிட்டேன். ஷாப்பில் பழுது தேடுகிற முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்று, மற்றதைத் தொடாதே, பார், பிறகு அடுத்தது. எது நாறுகிறதோ அது தானாக மாட்டும். கண்டுபிடித்துத் தூரம் வைத்துவிட்டால் முடிந்தது.

ஆகஸ்ட் 1 – வியாழன்

மூன்றாவது கீமோ. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 6 – செவ்வாய்

சோப்பு இல்லை. ஐந்து நாளாக வாசனையே இல்லாத குழந்தை சோப்பில் குளிக்கிறார். எலி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 13 – செவ்வாய்

எண்ணெயும் இல்லை. தலை காய்ந்து தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. "சின்னப் பையன் மாதிரி இருக்கீங்க" என்றேன். சிரித்தார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சிரித்தார், இப்போதெல்லாம் தானாகவே அங்கேதான் நிற்கிறார்.

ஆகஸ்ட் 17 – சனி

விபூதியைக் கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஒரு வாரம் மட்டும்" என்றேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து பூசுகிற மனுஷன். அவர் அப்பா இறந்த நாளன்றுகூட நெற்றியில் விபூதி இருந்தது. வாஷ்பேசினுக்குப் போய்த் தண்ணீரைத் தொட்டுத் துடைத்துக்கொண்டு வந்தார். "இப்ப எப்படி இருக்கு?" என்றார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

"கொஞ்சம் பரவாயில்ல" என்றேன். பொய்.

ஆகஸ்ட் 20 – செவ்வாய்

பாலாநகரில் எல்லோரும் கேட்கிறார்களாம், "ஏமண்டி, நுதுட்டி மீத விபூதி லேதே", நெற்றியில் விபூதியைக் காணோமே என்று. "டாக்டர் வேண்டாம்னுட்டாருன்னு சொல்லிட்டேன்" என்றார். என் மேல் பழி வராமல் டாக்டர் மேல் போட்டிருக்கிறார். நல்ல ஆள்.

ஆகஸ்ட் 27 – செவ்வாய்

நான்காவது முடிந்து ஐந்து நாள். சிவப்பு மருந்து இனி இல்லை. அடுத்து வேறு மருந்து, வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம்.

துணி சோப்புத்தூள் மாற்றியாயிற்று. பூண்டு, வெங்காயம் சாப்பிடுவதில்லை. காபியை விட்டுவிட்டார், நான் கேட்கவே இல்லை, தானாக விட்டார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைப் பால்கனியிலேயே கழற்றிப்போட்டு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை குளிக்கிறார். பிசின் வாசனை வரக்கூடாதாம்.

எலி எங்கும் போகவில்லை.

செப்டம்பர் 1 – ஞாயிறு

இரண்டு நாளாக விடாத மழை. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அறைக்குள் அடைந்துகிடந்த காற்றில் அவர் தட்டோடு வந்தார், ஆறவைத்த மோர்சாதம். என்னால் தாங்க முடியவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அடுத்தது என்ன கழட்டலாம், யோசிங்க" என்றேன்.

தட்டை ஸ்டூலில் வைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சே பூர்ணா. இனிமே மிச்சம் நான்தான இருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கணக்கு முடிந்த மாதிரி சொன்னார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வாந்தி வந்துவிடும் என்று பயம். அதுதான் உண்மை, சாமி சத்தியமாக அதுதான். ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 2 – திங்கள்

ஸ்மிதா என் அறைக்கு வந்துவிட்டாள். அவர் அவள் அறைக்குப் போய்விட்டார். "ராத்திரி தூக்கம் வேணும்லா ஒனக்கு" என்றார், அவ்வளவுதான்.

நன்றாகத் தூங்கினேன். எத்தனை வாரத்துக்குப் பிறகு! அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

செப்டம்பர் 7 – சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையை அவரும் ஸ்மிதாவும் செய்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு வடிவம். நிலைப்படியில் நின்று தட்டை உள்ளே தள்ளினார். அந்தக் காலத்தில் மாதம் மூன்று நாள் பெண்களைத் தூரம் உட்காரவைத்துத் தட்டைத் தள்ளுவார்களாம். இங்கே ஆம்பிளை நிற்கிறார் தூரமாக. சிரிப்பு வந்தது. அவரிடம் சொல்லலாம் என்று பார்த்தேன், அதற்குள் போய்விட்டார்.

செப்டம்பர் 19 – வியாழன்

புது மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. பேனா பிடிக்க முடியவில்லை. மத்தியானம் முழுக்க அரைத் தூக்கம். காற்றில் என்னென்னவோ வந்து போகிறது. புதுப்புத்தகம், ரயில் கக்கூஸ், பொரிகடலை. எதுவும் நிஜமில்லை என்று தெரிந்தும் ஒவ்வொன்றாக வரவேற்று அனுப்புகிறேன்.

செப்டம்பர் 22 – ஞாயிறு

ஸ்மிதா என்னைப் பிடித்துக்கொண்டாள். அமீர்பேட்டில் கோர்ஸ் முடித்து வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"டாடி கி ஏம் செப்பாவு அம்மா? வாட் டிட் யூ டெல் ஹிம்?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"தெரியும். அதுதான் ப்ராப்ளம்." அவள் தமிழில் பேசினால் நிஜமாகக் கோபம் என்று அர்த்தம். அவர் தினமும் ஓவர்டைம் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறாராம். வீட்டுக்கு வந்தாலும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாராம், எங்கள் அறை விளக்கு அணையும்வரை. இவள் போய்க் கூப்பிட்டால் "காத்து நல்லா வருது" என்கிறாராம்.

"இருபத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணினவருக்கு இது புரியாதா?" என்று கத்தினேன். கத்திய பிறகு தெரிந்தது, புரியாதவள் யார் என்று.

செப்டம்பர் 28 – சனி

பஸ் கனவு. இந்தத் தடவை என் பக்கத்து சீட் காலி. அவருக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூக்கை நீட்டுகிறேன், சந்தனம் வருகிறதா, பிசின் வருகிறதா என்று. ஒருவர் ஏறினார். வாசனையே இல்லாத ஆள். வெறும் தண்ணீர் மாதிரி. என் பக்கத்தில் வந்து நின்று, "ஈ சீட் காலீயா அண்டி?" என்று தெலுங்கில் கேட்டார், ஊர் பேர் தெரியாதவரிடம் கேட்பது மாதிரி. "இல்ல, ஆள் வராங்க" என்று கைப்பையை எடுத்துச் சீட்டில் வைத்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் பின்னாலிருந்து அந்த நடையைப் பார்த்தேன்.

முழித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்றம் போகாவிட்டால்? சரியாகும் என்று சுப்ரியா சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. அதற்குள் இந்த மனுஷன் தூரமாக நின்றே பழகிவிட்டால்? எனக்கு வியாதியைவிட இதுதான் பயம்.

அக்டோபர் 4 – வெள்ளி

அட கூறுகெட்டவளே!

வரிசையாக எழுதுகிறேன். பதினொரு மணிக்குத் துரைராஜ் போன் செய்தார். நலம் விசாரிக்கத்தான். பிறகு வழக்கம்போலப் புலம்பல். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் சாய்கிருஷ்ணா ஒரு மோட்டாரைத் தேறவில்லை என்று எழுதிவிட்டானாம்.

"ரெண்டு நாளா ஓவன்ல வச்சு வச்சு எடுக்கறான் மேடம். சுருளைப் பிரிக்கணும்ங்கறான். ஒண்ணொண்ணா கழட்டிப் போட்டுட்டான். கடைசில நான் போய்ப் பாத்தா, மெக்கர் வயர்ல ஈரம். மீட்டர்தான் தப்பா காட்டியிருக்கு. மோட்டார் ஜம்முனு இருக்கு. மீட்டரை முதல்ல சோதிக்கணும்னு நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!"

எத்தனை தடவை. ஒவ்வொரு புது ஆளுக்கும் முதல் நாள் பாடம் அது. இன்சுலேஷனைச் சோதிக்கும் முன்னால் சோதிக்கிற மெக்கரைச் சோதி. இரண்டு முனையையும் சேர்த்துவைத்தால் பூஜ்யம் காட்டுகிறதா பார். பார்க்காமல் மோட்டாரைத் தொட்டால் சம்பளத்தைப் பிடிப்பேன் என்று மிரட்டுவேன்.

நான் என் மூக்கைச் சோதித்தேனா? காபி ரப்பராக நாறியது, சாம்பார் நாறியது, பச்சைத் தண்ணீர் நாறியது. ஆனால் அவரைக் கழற்ற உட்கார்ந்தேன், ஒன்றொன்றாக, சுருள் சுருளாக! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுப்ரியா ஜூலையிலேயே சொன்னாள், பழுது எங்கே என்று. அதை ஒரு காதில் வாங்கி, எதைத் தள்ளி வைக்கலாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அதே நாள், மாலை

ஓவர்டைம் வேண்டாம், உடனே வாங்க என்று போன் செய்தேன். பயந்துபோய் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். பஸ்ஸில் வருகிற ஆள். கால் கழுவிக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றார்.

"என்னாச்சு? காய்ச்சலா?"

"மெக்கர் வயர்ல ஈரம்ங்க" என்றேன்.

"என்னது?"

துரைராஜ் சொன்னதைச் சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் மாறியது. அவரும் மீட்டரோடு வாழ்கிறவர்தானே. "மீட்டரைப் பாக்காம உங்களைச் சோதிச்சிட்டேன். சோப்பு, எண்ணெய், விபூதி... எதுக்கு இதெல்லாம் கழட்டச் சொன்னேன்? பழுது இங்கதான இருக்கு" என்று மூக்கில் அடித்துக்கொண்டேன்.

அவர் நிலைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என்கிட்ட ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"உங்ககிட்ட என்ன இருக்கு?"

"இல்ல... ஏதோ உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சுன்னுல்லா நெனச்சேன். பல் டாக்டர்ட்ட போனேன். ரத்தம் குடுத்துப் பாத்தேன், சுகர் கிகர் இருக்குமோன்னு. எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டான். அப்பவும் எனக்கு நம்பிக்கை இல்ல. ஒனக்குத் தெரியாததா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

நான் அழுதேன். இத்தனை மாதத்தில் முதல் தடவை, குழாயைத் திறக்காமல், சத்தம் போட்டு அழுதேன். எனக்கு மார்பை எடுத்தபோதும் இப்படி வலிக்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரெல்லாம் ரத்தம் கொடுத்துத் திரிந்திருக்கிறார், பாவி மனுஷன்.

"உள்ள வாங்க. வந்து பக்கத்துல உக்காருங்க."

"நாறுமே."

"நாறட்டும். மீட்டர் சரியாகற வரைக்கும் ரீடிங் எடுக்கப் போறதில்ல. வாங்க."

வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எலி வந்தது, முன்பைவிட மோசமாக. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை, பேசினை இழுத்து வாந்தி எடுத்தேன். அவர் பதறி எழுந்து போகப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். மரத்துப்போன விரலில் எவ்வளவு பலம் இருந்ததோ அவ்வளவையும் போட்டுப் பிடித்தேன். இன்னொரு கையால் அவர் பேசினைத் தாங்கிக்கொண்டார். வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல்.

ஸ்மிதா எட்டிப் பார்த்துவிட்டு, "வாட் இஸ் ராங் வித் போத் ஆஃப் யூ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அக்டோபர் 5 – சனி

எண்ணெய் தேய்த்து, சந்தன சோப்பில் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பூசியிருந்தார் என்று நினைக்கிறேன். காபியும் குடித்தார், என் எதிரிலேயே. பத்து நிமிடம் தாங்கினேன். பிறகு ஜன்னலுக்கு ஓடினேன். அவர் அசையாமல் உட்கார்ந்து டம்ளரை முடித்தார்.

அக்டோபர் 15 – செவ்வாய்

இருபது நிமிடம். வாயால் மூச்சு விடுகிற வித்தை பிடிபட்டுவிட்டது. பேச்சுதான் மீன் பேசுவது மாதிரி வருகிறது. "என்ன சொல்லுத?" என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்கிறார். அதனால் பேச்சு அதிகமாகிவிட்டது.

அக்டோபர் 31 – வியாழன்

தீபாவளி. விடியற்காலையில் அவர் தலையில் எண்ணெய் வைத்தேன், வருடா வருடம் வைப்பதுபோல். விரலில் உணர்ச்சி இல்லை, மூக்கில் நல்ல வாசனை இல்லை. கண்ணால் பார்த்துத்தான் எண்ணெய் என்று தெரிந்துகொண்டேன். "சூடு பறக்கத் தேய் பூர்ணா" என்றார். அவர் தலை சூடாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

நவம்பர் 28 – வியாழன்

கடைசி ஊசி. அந்தப் பிளாஸ்டிக் குடம் இன்றோடு சரி. சுப்ரியா கட்டிக்கொண்டாள். அவளுக்கு என்ன வாசனை இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

டிசம்பர் 18 – புதன்

முதலில் திரும்பி வந்தது பெட்ரோல். போன வாரம் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகிற வழியில் பங்கில் வண்டி நின்றபோது. அசல் பெட்ரோல்! கண்ணாடியை இறக்கி முகர்ந்தேன், பின்னால் ஹாரன் அடிக்கிறவரைக்கும். நாலு நாள் கழித்து நாப்தலின் உருண்டை. என்ன மூக்கோ, வரவேற்க வேண்டியவர்களை விட்டுவிட்டு வேண்டாதவர்களையெல்லாம் முதலில் உள்ளே விடுகிறது.

ஜனவரி 7, 2025 – செவ்வாய்

காபி பாதி வந்துவிட்டது. கடைசி இரண்டு மடக்கு மட்டும் ரப்பர். அதையும் குடித்தேன்.

தலையில் முடி ஒரு விரல்கடை. பின்பக்கம் சுருட்டை! எனக்கு எந்தக் காலத்தில் சுருட்டை?

ஜனவரி 19 – ஞாயிறு

அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. ரீடிங் எடுப்பதில்லை என்று பேச்சு. ஸ்மிதா பொங்கலுக்கே தன் அறைக்குப் போய்விட்டாள், "ஐ கான்ட் ஸ்லீப், யூ போத் டாக் டூ மச்" என்று சொல்லிவிட்டு.

பிப்ரவரி 2 – ஞாயிறு

அவர் நெல்லைக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது, அண்ணன் மகன் கல்யாணம். எனக்கு அவ்வளவு தூரம் ரயிலில் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் போன் செய்து பந்தியில் என்னென்ன போட்டார்கள் என்று ஒப்பித்தார். செவ்வாய்க்கிழமை வருகிறார்.

ஸ்மிதா துணி துவைக்க எல்லாவற்றையும் வாரிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் கிடந்த அவர் தலையணையைத் தூக்கி உறையை உருவப் போனாள். மூக்கைச் சுளித்தாள். "சீ, ஆயில் வாசன அம்மா. ஃபுல்லா டாடி ஸ்மெல். இதையும் மெஷின்ல போட்டுடறேன்."

"தெரியும். அடியில பிசின் வாசனையும் வருது. அதை அங்கேயே வை" என்றேன்.